மின்தடை: நாளைக்கு மட்டும் எப்படி வரும்?

பினாங்கில் என்னிடம் டியூஷன் படிக்கும் படிவம் 5 மாணவி ஒருத்தி, பாட்டிக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினாள். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் வந்த ஒரு துணுக்கு: 'பராமரிப்புப் பணி: நாளை மின்தடை.'

"தடை எல்லாக் கம்பியிலும் எல்லா நாளும் இருக்குமே டீச்சர், நாளைக்கு மட்டும் எப்படி வரும்?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியானது. 'மின்தடை' என்ற ஒரே சொல் இயற்பியலில் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்சாரம் ஓடுவதற்குக் கம்பி கொடுக்கும் இடைஞ்சல். செய்தித்தாளில் கரண்ட் போவது.

சொல்லின் வேர் எளிது. விடு என்ற வினையிலிருந்து விடை வந்ததுபோல, தடு என்பதிலிருந்து தடை. பழைய உரையாசிரியர்கள் ஒரு கருத்துக்கு எழக்கூடிய மறுப்பைத் தாங்களே எழுப்பி, தாங்களே பதிலும் சொல்வார்கள். அந்த மறுப்புக்குப் பெயரும் தடைதான். அதைத் தாண்டி உரை மேலே போகும். எனக்கு இந்தப் பொருள்தான் பிடிக்கும். இயற்பியலின் தடையும் அப்படியே: ஓட்டத்தை அடியோடு நிறுத்துவதில்லை, குறைக்கிறது. ரெசிஸ்டன்ஸ் என்பதன் லத்தீன் வேர் 'எதிர்த்து நிற்றல்' என்று பொருள்படும். அதன்படி பார்த்தால் 'எதிர்ப்பு' என்றே வைத்திருக்கலாம். ஆனால் மலாய் மொழியில் நம் பிள்ளைகள் படிக்கும் 'ரிந்தாங்கான்' என்ற சொல்லும் வழியின் குறுக்கே கிடப்பதையே குறிக்கிறது. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தடை என்பதே சுலபமாக ஒட்டும்.

உண்மையில் தொல்லை கொடுப்பது தடை அல்ல, 'கரண்ட்'. நம் பேச்சில் கரண்ட் என்றால் எல்லாமே அடங்கிவிடும். 'கரண்ட் இல்லை', 'கரண்ட் அடிச்சிருச்சு', 'கரண்ட் கம்மியா வருது' என்போம். கடைசியாகச் சொன்னதில் குறைந்திருப்பது பெரும்பாலும் வோல்ட்டேஜ், அதாவது மின்னழுத்தம். கரண்ட்டுக்கு உரிய சொல் மின்னோட்டம். லத்தீனில் அதன் வேருக்கு 'ஓடுதல்' என்று பொருள். மலாயின் 'ஆருஸ்' நீரோட்டத்தையும் குறிக்கும். மூன்று மொழியும் ஒரே படத்தை வரைந்திருக்கின்றன.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறியவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. பின்னாலிருந்து வரும் நெருக்குதல் அழுத்தம். நிமிடத்துக்கு எத்தனை பேர் ஓர் இடத்தைக் கடக்கிறார்கள் என்பது ஓட்டம். படி குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் தடை கூடும்; மெல்லிய, நீளமான கம்பிக்கும் அதே கதிதான். பக்கத்தில் இன்னொரு படிக்கட்டைத் திறந்துவிட்டால் மொத்தத் தடை குறைந்துவிடும். இணைச் சுற்று என்பது அதுதான். ஓர் இடத்தில் மட்டும் உவமை காலை வாரும். பக்தர்கள் களைத்து வழியில் உட்காரலாம். மின்னோட்டத்தில் அது நடக்காது. பல்புக்குள் போகும் அளவே வெளியே வருகிறது. பல்பு கரண்ட்டைத் 'தின்பதில்லை', ஆற்றலைத்தான் வாங்கிக்கொள்கிறது. படிவம் 5-இல் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

இந்த உறவைக் கணக்காக்கியவர் கியோர்க் ஓம். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஆய்வுகளைச் செய்து, 1827-இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் முதலில் பெரிதாக மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்லி பதக்கம் கொடுத்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. நம் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். கெட்டலின் சூடேற்றும் கம்பிக்கு 23 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், ஓடுவது 10 ஆம்பியர். தடை பாதியானால் ஓட்டம் 20 ஆம்பியர் ஆகும்; பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸின் அளவைத் தாண்டிவிடும்.

எல்லாப் பொருளும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. பழைய இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் சுவிட்ச் போட்ட நொடியில் அது அடிக்கடி ஃபியூஸ் ஆகும்.

தடையைத் தரும் உறுப்புக்கு 'மின்தடையம்', 'மின்தடையாக்கி' என்று இரண்டு பெயர் உண்டு. முன்னதைச் சுருக்கித் 'தடையம்' என்றால் போலீஸ் தேடும் 'தடயம்' நினைவுக்கு வருகிறது. நான் மின்தடையாக்கி என்றே எழுதுவேன். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம்மவர்கள் எப்படியும் ரெசிஸ்டர் என்றுதான் சொல்வார்கள், அதில் தப்பில்லை. அவர்களுக்கு அதன் மேல் தடையின் அளவைச் சொல்லும் நிறப்பட்டைகளே மொழி: பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1000 ஓம்.

இனி அந்தச் செய்தித் துணுக்கு. கரண்ட்டை நிறுத்துவதற்கு மின்வெட்டு, மின்நிறுத்தம் என்று நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மின்தடை அங்கே வெறும் குழப்பம் மட்டுமல்ல, நேர்மாறும்கூட. நாளை அந்த ஊர் வீடுகளில் அழுத்தம் இருக்காது, அதனால் ஓட்டமும் இருக்காது. கெட்டலுக்குள் அந்த 23 ஓம் மட்டும் அப்படியே இருக்கும்.