மென்பொருள் தரும் டெல்டா-17 அளவீடு அல்ல

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஆராயும் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் மறுபடியும் ஒரு நேர்கோடு வந்திருக்கிறது. ஒரு அச்சில் டெல்டா-18, இன்னொரு அச்சில் டெல்டா-17 (ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்புகளான 18, 17 இரண்டும் ஒரு தர மாதிரியைவிட எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்ற அளவுகள்), எல்லாப் புள்ளிகளும் பிசிறில்லாமல் ஒரே கோட்டில். கீழே முடிவு: "இந்தக் காற்றில் ஸ்ட்ராட்டோஸ்பியரின் தடயம் இல்லை." அதாவது ஓசோன் மிகுந்த மேலடுக்குக் காற்று இதில் கலக்கவில்லையாம். வைவா நெருங்கும் நேரத்தில்தான் இதைச் சரிபார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். கைடும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்தக் கோட்டில் ஆக்சிஜன்-17 அளக்கப்படவே இல்லை. கருவியோடு வந்த மென்பொருளுக்குள் இருக்கும் சூத்திரத்தை எடுத்து வரைபடமாகப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எத்தனை முறை சொன்னாலும் இது ஏறுவதில்லை. அதனால் இங்கே நிதானமாகவே எழுதிவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டால் அது பிரிப்பது நிறைகளை: 44, 45, 46. இதில் 46 பெரும்பாலும் ஆக்சிஜன்-18. சிக்கல் 45-இல். ஒரு கார்பன்-13, இரண்டு ஆக்சிஜன்-16 என்றாலும் 45. கார்பன்-12, ஆக்சிஜன்-16, ஆக்சிஜன்-17 என்றாலும் 45. வழக்கமான கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த 45-இல் ஆக்சிஜன்-17-இன் பங்கு சுமார் 6, 7 விழுக்காடு. ஆக, கையில் இருப்பவை இரண்டு விகிதங்கள், கண்டுபிடிக்க வேண்டியவை மூன்று. மூன்றாவது சமன்பாட்டுக்கு எங்கே போவது? 1957-இல் ஹார்மன் கிரெய்க் ஒரு வழி வகுத்துத் தந்தார். ஆக்சிஜன்-18 எவ்வளவு மாறுகிறதோ, ஏறத்தாழ அதில் பாதிதான் ஆக்சிஜன்-17 மாறும் என்று வைத்துக்கொள்வது. இன்று அதற்குப் பரிந்துரைக்கப்படும் அடுக்கெண் 0.528. சுண்ணாம்புப் பாறைக்கும் மண் விடும் மூச்சுக்கும் அது தாராளமாகப் போதும்.

ஸ்ட்ராட்டோஸ்பியரில் உடைவதே அந்த அனுமானம்தான். உடைகிறது என்பதற்காகத்தானே அந்தக் காற்றைத் தேடிப் போகிறோம்? ஆக்சிஜன்-17 மிகுதி, அதாவது அந்தப் பாதிக் கணக்கைவிடக் கூடுதல், உண்டா இல்லையா என்று அதே மென்பொருளிடம் கேட்பது, மாப்பிள்ளை குணத்தை மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரிப்பது போல.

உடைப்பது ஓசோன். ஓசோன் உருவாகும்போது ஆக்சிஜன்-17, 18 இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் மிகுகின்றன என்று தீமென்ஸும் ஹைடன்ரைக்கும் 1983-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் ஓசோனை உடைக்கிறது. வெளிவரும் கிளர்வுற்ற ஆக்சிஜன் அணு கார்பன் டை ஆக்சைடோடு கணநேரம் ஒட்டிப் பிரியும்போது அணு இடம் மாறுகிறது. இந்த வழியை யங்கும் அவருடைய குழுவினரும் 1991-இல் முன்வைத்தார்கள். நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸிலிருந்து ராக்கெட்டில் எடுத்த மாதிரிகளிலும் மிகுதி தெளிவாகத் தெரிந்ததாக 1995-இல் கட்டுரை வந்தது. ஸ்வீடனின் கிருனாவிலிருந்தும் தெற்கு பிரான்சிலிருந்தும் பறந்த பலூன் மாதிரிகளை வைத்து 2002-இல் வந்த கட்டுரையில், டெல்டா-18-க்கு எதிராக டெல்டா-17-ஐ வரைந்த கோட்டின் சாய்வு சுமார் 1.7. உங்கள் கோட்டின் 0.53 எங்கே, இந்த 1.7 எங்கே!

இந்தக் காற்று கீழே இறங்கியதும் இலைகளிலும் கடலிலும் உள்ள நீரோடு ஆக்சிஜனைப் பரிமாறிக்கொண்டு மிகுதியை இழக்கிறது. இலைக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அந்த வேலையை மின்னல் வேகத்தில் முடித்துவிடும். தரைமட்டக் காற்றில் எஞ்சுவது மிகச் சொற்பம். மேலிருந்து எவ்வளவு வந்தது, தாவரங்கள் எவ்வளவு அழித்தன என்ற கணக்கு அந்தச் சொற்பத்தில்தான் இருக்கிறது. அதைச் சூத்திரத்தால் துடைத்துவிட்டு "தடயம் இல்லை" என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

"எனக்குக் கார்பன்-13 மட்டும்தான் வேண்டும், சார்" என்றும் தப்பிக்க முடியாது. ஆக்சிஜன்-17 ஆயிரத்துக்கு 1 மிகுந்திருந்து, அதை மென்பொருள் கண்டுகொள்ளாவிட்டால், டெல்டா-13 (கார்பன்-13-க்கான அதே வகை அளவு) சுமார் 0.07 பெர்மில், அதாவது ஆயிரத்துக்கு 0.07, பொய்யாக ஏறும். புதைபடிவ எரிபொருளால் காற்றின் டெல்டா-13 ஓர் ஆண்டுக்கு இறங்குவதே 0.02, 0.03 பெர்மில்தான்.

மாதிரி எடுப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. காற்றை எடுக்கும்போதே மெக்னீசியம் பெர்குளோரேட் வழியாக உலர்த்துங்கள், ஆய்வகத்துக்கு வந்த பிறகு அல்ல. ஃபிளாஸ்க் சுவரில் ஒரு துளி நீர் நின்றால் போதும், இலை செய்யும் வேலையை அதுவே செய்துவிடும். நைட்ரஸ் ஆக்சைடுக்கும் நிறை 44 என்பதை மறக்காதீர்கள். உயரம் கூடக் கூட அது குறையும், ஆகவே தரைக் காற்றுக்கான திருத்தத்தை 30 கிலோமீட்டர் காற்றுக்கு அப்படியே போடக் கூடாது. பார்சல் மேல் "ஐசோடோப்" என்று கொட்டை எழுத்தில் எழுதவும் வேண்டாம். மூன்று ஆக்சிஜனும் கதிரியக்கம் இல்லாதவைதான், ஆனால் கூரியர் அலுவலகத்தில் அதை யார் விளக்குவது?

ஆக்சிஜன்-17-ஐ உண்மையாகவே அளக்க வழிகள் உண்டு. புரோமின் பென்டாஃபுளோரைடால் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து அதன் 32, 33, 34 நிறைகளைப் பார்க்கலாம் (பழகாதவர்கள் அந்த ரசாயனத்தின் பக்கமே போகாதீர்கள்). சூடான சீரியம் ஆக்சைடோடு பரிமாறவிட்டு, முன்னும் பின்னும் 45-ஐ ஒப்பிடலாம். இல்லையென்றால் சூடான பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனோடு பரிமாறவிட்டு அந்த ஆக்சிஜனை அளக்கலாம். எல்லாவற்றுக்கும் வாயு வேண்டும். அதனால் தயவுசெய்து, டெல்டா-18 வந்துவிட்டது என்று மீதியைப் பம்பில் இழுத்து விடாதீர்கள். கண்ணாடிக் குழாயில் உறையவைத்துப் பிடித்து, சுடரில் உருக்கி மூடி, தேதி எழுதி வைத்திருங்கள். ஆய்வேட்டின் அட்டவணையில் அந்த டெல்டா-17 நிரலை மட்டும் இன்றே அழித்துவிடுங்கள்.