அம்மம்மாவின்ர நுங்கும் ரெண்டு கப்சூலும்

போன வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கெண்டு வெளிநாட்டிலயிருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளையின்ர கால்விரலைக் காட்ட என்னட்ட வந்தவை. பத்து வயசுப் பெடியன், ரெண்டு பெருவிரலிலயும் நகச்சுத்து. வெறுங்காலோட மண்ணுக்க விளையாடினவன் எண்டு அம்மம்மா சொன்னா, தாய் அப்பிடியில்லை டொக்டர் எண்டுபோட்டு ஒரு கடிதத்தை நீட்டினா. பெடியன் அங்க ஒரு கிளினிக்கல் ட்ரயலில, எண்டா மருந்தை ஆக்களுக்குக் குடுத்துப் பார்க்கிற ஆய்வில, இருக்கிறான். (தாயிட்டக் கேட்டுத்தான் எழுதுறன், ஆள் தெரியாமலுக்குச் சிலதை மாத்தியிருக்கிறன்.)

வருத்தத்தின்ர பேர் நியூரோஃபைப்ரோமடோசிஸ், முதலாம் வகை. ஏறக்குறைய 3000 பிள்ளையளில ஒராளுக்கு வரும். பாதிப்பேருக்குத் தாய் தேப்பனிட்டயிருந்து, மற்றப் பாதிக்கு ஒருத்தரிட்டயும் இல்லாமல் மரபணுவில புதுசா வாற மாற்றத்தால, அதால ஆற்ற பக்கத்தால வந்தது எண்டு சம்பந்தி வீட்டோட சண்டை பிடிக்கத் தேவையில்லை. பால்தேத்தண்ணி நிறத்தில ஆறோ கூடவோ புள்ளி, சின்னப்பிள்ளையில ஒவ்வொண்டும் 5 மில்லிமீற்றருக்கு மேல, அதோட கமக்கட்டுக்க பொட்டுப் பொட்டா இருந்தா, மச்சம் எண்டு விடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கோ. சிலருக்கு நரம்பு வழிய கட்டி கொடி மாதிரிப் படரும். பெரும்பாலும் கான்சர் இல்லை, ஆனா நரம்போட பின்னிக் கிடந்தா முழுசா வெட்டி எடுக்கிறது கஸ்டம். இவனுக்குக் கழுத்தில.

செலுமெடினிப் எண்ட கப்சூலை அமெரிக்காவில 50 பிள்ளையளுக்குக் குடுத்துப் பார்த்த ட்ரயலில ஏறக்குறைய மூண்டில ரெண்டு பேருக்குக் கட்டி 20 வீதமோ கூடவோ சுருங்கினது, 2020 சித்திரையில அங்க அனுமதியும் கிடைச்சது. சுருங்கினது எண்டுதான் சொல்லுறன், கரைஞ்சு போனது எண்டு இல்லை. வட்ஸ்அப்பில வாற செய்தியில இந்த வித்தியாசம் எங்கயோ விழுந்துபோயிடும். இவன் எடுக்கிறதும் அந்த வகை மருந்துதான். நகச்சுத்து, பரு, வயித்தோட்டம் எல்லாம் அதோட வாறது, இதயத்தையும் கண்ணையும் இடைக்கிடை செக் பண்ணிக்கொண்டே இருக்கவேணும்.

தாய்க்கு இதையெல்லாம் விட மணிக்கூடுதான் கரைச்சல். அவையின்ர ட்ரயல் விதிப்படி கப்சூலுக்கு முதல் ரெண்டு மணித்தியாலம், பிறகு ஒரு மணித்தியாலம் ஒண்டும் தின்னக்கூடாது, நாளுக்கு ரெண்டு தரம். அதுவும் வன்னியில, அம்மம்மா வீட்டில! பிள்ளை வெறும்வயித்தோட நிக்குது எண்டு மனிசிக்குப் பொறுக்கேலாமல் ஒரு பின்னேரம் வேலிக்கரையில வச்சு ஒளிச்சு நுங்கு தீத்திவிட்டுட்டா. தாய் அழ, அம்மம்மா அதைவிட அழ. ட்ரயலுக்கெண்டு வச்சிருக்கிற டயறியில எழுதாமல் விடட்டோ எண்டு தாய் கேட்டா. எழுதுங்கோ, நுங்கு எண்டே எழுதுங்கோ எண்டன். மறைச்சா பிள்ளைக்கு என்ன செய்யுது எண்டு ட்ரயல் நடத்துறவைக்குத் தெரியாது, நாளைக்கு இந்த மருந்து குடிக்கப்போற இன்னொரு பிள்ளைக்கும் பிழையான கணக்குத்தான் போகும்.

கட்டியை எம்ஆர்ஐ எண்ட காந்த ஸ்கானிலதான் அளக்கிறவை. அசையாமல் கனநேரம் கிடக்கவேணும், பயங்கரச் சத்தம். முதல் தரம் கையைப் பிடிச்சுக்கொண்டு தாய் உள்ள போக வெளிக்கிட, உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ எண்டு கேட்டிருக்கினம். 2009இல பட்ட ஷெல் பீஸ் ஒண்டு தோளுக்க கிடக்கு. காந்தம் இழுத்தால் பீஸ் அசையும், விடமாட்டம் எண்டிட்டினம். மகனிட்ட அதுவரைக்கும் அவ அந்தக் கதையே சொன்னதில்லை, ஸ்கான் அறை வாசலில நிண்டுதான் சொல்லவேண்டி வந்தது. எங்கட சனத்தில எத்தினை தாய் தேப்பனுக்கு இது பொருந்தும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பீஸ் இருக்கிற ஆக்கள் கேக்கமுதலே சொல்லுங்கோ, சின்னத்துண்டுதானே எண்டு மறைக்காதேங்கோ, பிள்ளையோட உள்ள போறதுக்கு வேற ஒராளையும் பழக்கி வையுங்கோ.

எனக்கு மனசில நிண்டது அவ சொன்ன மற்றக் கதை. ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்கு மேலயாம், வாசிக்காமலே கையெழுத்து வச்சவவாம். "மெனிக் பாமில எத்தினை ஃபோமுக்கு வச்சனான், ஒண்டாவது விளங்கினதே டொக்டர்?" மெனிக் பாம் எண்டது 2009இல போரால இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த முகாம். எங்களுக்குப் பேனை நீட்டினா வைக்கிற பழக்கம் அப்பிடித்தான் வந்தது. ஆனா இந்தக் கையெழுத்து வேற. வைக்காட்டிலும் பிள்ளைக்கு வழமையான வைத்தியம் நிக்காது, வச்ச பிறகும் எப்பவும் விலகலாம். இலங்கையில நடக்கிற ட்ரயல் எண்டா 2006இலயிருந்து ட்ரயலுகளைப் பதியிற இடம் இருக்கு, நெறிமுறைக் குழுவின்ர அனுமதியும் வேணும், ரெண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. தமிழில தராட்டி வீட்ட கொண்டுபோய் ஆரையும் வச்சு வாசிப்பியுங்கோ, அண்டைக்கே வைக்கவேணும் எண்டு சட்டமில்லை. ட்ரயல் முடிஞ்சாப்பிறகு மருந்து தருவினமோ, பக்கவிளைவு வந்தா செலவு ஆற்றை, இதைக் கேக்க வெக்கப்படாதேங்கோ. ட்ரயல் மருந்துக்கு உங்களிட்டயே காசு கேட்டா எழும்பி வாங்கோ.

ஏழெட்டு வயசுக்கு மேல எண்டா பிள்ளையிட்டயும் கேக்கவேணும். நான் விரலுக்கு மருந்து கட்டேக்க இவன் தாய்க்குக் கேக்காத மாதிரி மெல்லக் கேட்டான், "நான் வேண்டாம் எண்டா நிப்பாட்டுவினமோ?" ஓம், அவையோட கதைச்சு நிப்பாட்டலாம் எண்டன். கொஞ்சநேரம் விரலையே பார்த்துக்கொண்டு இருந்துபோட்டு, "இப்ப வேண்டாம், கேட்டு வச்சனான்" எண்டான்.

அடுத்த கிழமை கட்டு மாத்த அம்மம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தவ. குசினிக் கதவில சோக்கால நேரம் எழுதி வச்சிருக்கிறாவாம், எத்தினை மணிக்குப் பிறகு பெடியனுக்கு நுங்கு குடுக்கலாம் எண்டு.