பீர்க் குவளையில் குமிழி எங்கே பிறக்கிறது?

பெங்களூரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதத்தில் ஓரிரு முறை வீட்டில் பீர் அருந்துவேன். எவர்சில்வர் தம்ளர், அம்மா கொடுத்த செம்புக் குவளை, கடையில் வாங்கிய கண்ணாடிக் குவளை என மூன்றும் இருக்கின்றன. எதில் ஊற்றினாலும் ஒன்றுதானே? கண்ணாடிதான் வேண்டுமென்றால் எந்த வடிவம்?"

ஒன்றல்ல. செம்பை முதலில் ஒதுக்கிவிடுங்கள். செம்பில் எதை ஊற்றிக் குடித்தாலும் உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை இப்போது வேகமாகப் பரவுகிறது; அதைப் பரப்புகிறவர்கள் வேதியியலைக் கொஞ்சமும் மதிப்பதில்லை. பீர் அமிலத்தன்மை உள்ளது; அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் மதிப்பு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) பெரும்பாலும் 4 முதல் 4.5 வரை. அமிலம் பட்டால் செம்பு கரைந்து பானத்தில் கலக்கும். பிஹெச் 6-க்குக் கீழே உள்ள உணவு செம்பில் படக்கூடாது என்று அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. அதே காரணத்தால்தான் நம் பாட்டிமார்கள் புளி சேர்த்த குழம்பை ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் வைக்கவில்லை.

எவர்சில்வரில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அது கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுவரும் மெல்லியது. கையின் சூடு நேராகப் பீருக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய குறை, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே நடப்பதோ பார்க்க வேண்டிய ஒன்று.

ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுவது, அந்த வாயு அழுத்தத்தில் கரைந்திருப்பது, மூடியைத் திறந்ததும் வெளியேறப் பார்ப்பது எல்லாம் பள்ளியில் படித்தவை. ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ 5 கிராம் வாயு கரைந்திருக்கும். தனியே பிரித்தால் அது இரண்டரை லிட்டர் இடத்தை அடைக்கும். அவ்வளவு வாயு வெளியேறக் காத்திருக்கும்போது, மூடியைத் திறந்த கணத்தில் பீர் முழுவதும் ஏன் பொங்கித் தீர்ந்துவிடுவதில்லை? ஏன் குவளையின் சில புள்ளிகளிலிருந்து மட்டும் நூல் பிடித்ததுபோல் குமிழிகள் வரிசையாக ஏறுகின்றன?

பலூன் ஊதும்போது முதல் மூச்சுதான் கடினம். கொஞ்சம் விரிந்துவிட்டால் பிறகு எளிது. குமிழிக்கும் அப்படித்தான். குமிழியைச் சுற்றியிருக்கும் திரவத்தின் பரப்பு இழுவிசை அதை நசுக்கிக்கொண்டே இருக்கிறது. குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு கடுமையாக நசுக்கும். பீருக்குள் 10 நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு குமிழி எப்படியோ தோன்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஏறும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 90 வளிமண்டல அழுத்தம். கரைந்த வாயுவுக்கு வெளியேற இருக்கும் உந்துதலோ ஒரு வளிமண்டல அழுத்தம்தான். பிறந்த கணத்திலேயே குமிழி நசுங்கி, வாயு மீண்டும் பீரில் கரைந்துவிடும். ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர்) ஆரத்தைத் தாண்டிய குமிழிதான் பிழைத்து வளரும். நம் தலைமுடி இதைப்போல் ஐம்பது முதல் நூறு மடங்கு தடிமனானது. ஆக, கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் வெறும் திரவத்தில் ஒரு குமிழி ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி அந்த அளவை எட்டவே முடியாது.

அப்படியானால் நாம் காணும் குமிழிகள்? அவை ஒன்றுமில்லாததிலிருந்து பிறப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு காற்றுப் பையிலிருந்து பிறக்கின்றன. பிரான்சின் ரைம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் ஷாம்பெயின் குவளைகளை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து இதை அழகாகக் காட்டினார். குமிழிச் சரம் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு நுண்ணிய செல்லுலோஸ் இழை, அதாவது பருத்தி போன்ற தாவர நார், ஒட்டியிருக்கிறது. துடைத்த துணியிலிருந்து உதிர்ந்ததாகவோ காற்றில் மிதந்து வந்து படிந்ததாகவோ இருக்கலாம். அந்த இழை உள்ளே குழலாக இருப்பது. பானத்தை ஊற்றும்போது திரவம் குழலை முழுவதும் நிரப்புவதற்குள், கொஞ்சம் காற்று நடுவில் சிக்கிக்கொள்கிறது.

சிக்கிய அந்தக் காற்றுப் பை ஏற்கெனவே பிழைக்கும் அளவைத் தாண்டியது. சுற்றியிருக்கும் பீரிலிருந்து வாயு அதற்குள் கசிகிறது. பை நீள்கிறது, குழலின் முனைக்கு வருகிறது, வெளியே எட்டிப் பார்க்கிறது, உருண்டு திரண்டு அறுந்து மேலே போகிறது. ஆனால் முழுவதும் போவதில்லை. கொஞ்சம் வாயுவை உள்ளேயே விட்டுவிட்டுப் போகிறது. எஞ்சியது மறுபடி வளர்கிறது, மறுபடி அறுகிறது. கடிகாரம் தட்டுவதுபோல், ஒரே சீராக. பிரிந்த குமிழி ஏறும் வழியெல்லாம் மேலும் வாயுவை வாங்கிப் பருக்கிறது. பருக்கப் பருக்க வேகமெடுக்கிறது. அதனால்தான் சரத்தின் அடியில் நெருக்கமாக இருக்கும் குமிழிகள் மேலே போகப் போக விலகி நிற்கின்றன. கீழே கடுகு, மேலே மிளகு. பருத்தி இழை ஒன்றின் குழலுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

லிஜே-பெலேரும் ஒரு சக ஆய்வாளரும் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, மெதுவாகச் சாய்த்து ஊற்றிய ஒரு சிறிய குவளை லாகர் பீரில் 2 லட்சம் முதல் 20 லட்சம் குமிழிகள் வரை எழலாம். குமிழி எண்ணுவதற்கா மக்கள் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது. மேலே சொன்ன பிஹெச் அளவுகோல் 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கியது. மருந்துச் சோதனை முதல் பயிர்ச் சோதனை வரை பயன்படும் டி-சோதனை என்ற புள்ளியியல் முறை, கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட் 1908-இல் தந்தது. குமிழி பிறக்க ஒரு வித்து வேண்டும் என்ற இதே தத்துவத்தைத்தான் டொனால்ட் கிளேசர் துகள் இயற்பியலுக்குக் கொண்டுபோனார். மிகையாகச் சூடேற்றிய திரவத்தில் மின்னூட்டத் துகள் பாயும் தடமெங்கும் குமிழிகள் எழும். அந்தக் குமிழிக் கலத்துக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அந்தச் சிறு தொகையிலும் உடனடிப் பயன் கேட்டு நிற்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குவளைக்கு வருவோம். கடையில் வாங்கும் சில பீர்க் குவளைகளின் அடியில் ஒரு வட்டமோ சின்னமோ சொரசொரப்பாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அது அலங்காரமல்ல. லேசரால் செதுக்கிய அந்தப் பள்ளங்கள் காற்றைப் பிடித்துவைக்கும் குமிழித் தொட்டில்கள். அங்கிருந்து விடாமல் ஏறும் குமிழிகள் மேலே நுரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வாங்குவதென்றால் இப்படி ஒன்றை வாங்குங்கள். உறைபெட்டியில் வைத்துப் பனி பூத்த குவளை வேண்டாம். பனித்துகள் ஒவ்வொன்றும் ஒரு தொட்டிலாகி, ஊற்றியதும் நுரை கட்டுக்கடங்காமல் பொங்கும். கடுங்குளிரில் வாசனையும் மேலெழாது.

வடிவத்தைவிடச் சுத்தம் முக்கியம். நுரையைத் தாங்குவது பார்லியின் புரதங்களும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்களும் சேர்ந்து குமிழிச் சுவரில் கட்டும் வலை. துளி எண்ணெய் அந்த வலையைக் கிழித்துவிடும். குழம்புச் சட்டி தேய்த்த நாரால் குவளையைத் தேய்த்தால் எண்ணெய்ப் படலம் கட்டாயம் ஒட்டும். பீர் ஒட்டாத அந்தத் திட்டுகளில் குமிழிகள் பிரிய மனமின்றி சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். தனி நாரால் கழுவி, சோப்பு போக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர்த்துங்கள். சந்தேகமிருந்தால் ஈரக் குவளையின் உட்புறம் தூள் உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும், எண்ணெய் இருக்கும் இடத்தில் உதிரும்.

வடிவம்: கோதுமை பீருக்கு நிறைய நுரை எழும், மேலே இடம் விட்ட உயரமான குவளை வேண்டும். வாசனை மிகுந்த வகைகளுக்கு வாய் குறுகியது. மற்றவற்றுக்கு நேரான சிறிய குவளையே போதும். ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ளூர் பீரை 200 மில்லி லிட்டர் கொள்ளும் நேரான மெல்லிய குவளையில்தான் தருவார்கள், சூடேறுவதற்குள் தீர்ந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 2012-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வில், வளைந்த குவளையில் குடித்தவர்களைவிட நேரான குவளையில் குடித்தவர்கள் 60 விழுக்காடு மெதுவாகக் குடித்தார்கள். வளைந்த குவளையில் பாதி எங்கே என்று கண் தவறாகக் கணிக்கிறது. நேரான குவளைக்கு என் ஆதரவு இதனால் கூடுகிறது.

பீர் அருந்தாதவர்கள் சோடாவில் பாருங்கள். நன்றாகக் கழுவிக் கவிழ்த்து உலர்த்திய கண்ணாடித் தம்ளரில் சோடாவைச் சாய்த்து ஊற்றி, பொங்கி அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு உலர்ந்த பருத்தி நூல் ஒன்றை உள்ளே விடுங்கள். சும்மா இருந்த சோடாவில், நூலின் நீளம் முழுவதும் குமிழிகள் பூத்து வரிசை வரிசையாக ஏறத் தொடங்கும்.