குறைமாதக் குழந்தைக்கு இரண்டாவது தைராய்டு பரிசோதனை: விதி என்ன சொல்கிறது?

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையில் சில துளி ரத்தம் எடுத்துத் தைராய்டு குறைபாட்டைக் கண்டறியும் திட்டம் 1970-களில் கனடாவின் கியூபெக்கில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் இது நடைமுறையில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதில் தனி விதி உண்டு: முதல் முடிவு இயல்பாக வந்தாலும் இரண்டாம் முறை மாதிரி எடுக்க வேண்டும். எளிதில் விட்டுப்போவதும் இதுதான்.

தைராய்டு போதாதபோது மூளையின் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டி அதைத் தூண்டும். பரிசோதனை தேடுவது இந்த ஏற்றத்தைத்தான். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குப் பிட்யூட்டரியே இன்னும் முதிர்ந்திருக்காது; குறைபாடு இருந்தும் முதல் சில நாட்களில் டி.எஸ்.எச். ஏறாது, சில வாரம் கழித்தே ஏறும். சிகிச்சைக்காகத் தரும் டோபமைன், ஸ்டீராய்டு மருந்துகளும் அதை மேலும் அமுக்கி வைக்கும். தோலில் தடவும் கிருமிநாசினியான போவிடோன் அயோடினும், ஸ்கேனுக்குச் செலுத்தும் அயோடின் மருந்தும் வேறு வகைத் தொல்லை: அளவுக்கு மிஞ்சிய அயோடின் சுரப்பியையே தற்காலிகமாக முடக்கிவிடும்.

முதல் மாதிரிக்கு ஏற்ற நேரம் பிறந்த 48 முதல் 72 மணி நேரம். பிறந்தவுடன் டி.எஸ்.எச். இயற்கையாகவே எகிறும் என்பதால் முன்கூட்டி எடுத்தால் பொய்யான எச்சரிக்கை வரும். ரத்தம் ஏற்றப்போகிறார்கள் என்றால் மட்டும் நேரம் பார்க்காமல் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பின் அட்டையில் விழுவதில் கொடையாளரின் ரத்தமும் கலந்திருக்கும்.

இரண்டாவது மாதிரியின் நாள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2 முதல் 4 வாரம் என்கிறது. பிரிட்டனில் 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு 28-ஆம் நாள் அல்லது வீடு திரும்பும் நாள், எது முந்தியதோ அது. வீட்டுக்குப் போன பின் குழந்தையைத் திரும்ப அழைப்பது கடினம் என்பதால் இந்த நிபந்தனை மிகச் சரியானது. எடை மிகக் குறைந்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், இரட்டையர்கள் ஆகியோருக்கும் பல வழிகாட்டுதல்கள் மறுமாதிரி கேட்கின்றன. ஒரே உருவ இரட்டையரில் ஒருவரின் ரத்தம் மற்றவருடன் கருவிலேயே கலந்து குறைபாட்டை மறைக்கக்கூடும்.

குதிகாலின் பக்கவாட்டில்தான் குத்த வேண்டும், நடுவில் கூடாது. ஒரே பெரிய துளி ஒரு வட்டத்தை முழுதாக நிரப்ப வேண்டும். துளி மேல் துளி வைத்தால் அளவு பிழைக்கும். அட்டையை வெயிலும் சூடும் படாமல் கிடைமட்டமாக வைத்து 3 மணி நேரமாவது உலர்த்த வேண்டும். கர்ப்ப வாரம், எடை, பிறந்த நேரம், ரத்தம் ஏற்றிய தேதி இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் ஆய்வகத்தால் முடிவைச் சரியாகப் படிக்க முடியாது.

பெரும்பாலும் சறுக்குவது இடமாற்றத்தில். குழந்தை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். எடுத்திருப்பார்கள் என்று இருவரும் நினைப்பார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் இரு மாதிரிகளின் தேதியும் முடிவும் இருக்கின்றனவா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். முடிவு எந்த எண்ணுக்கு வரும், யார் சொல்வார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டை முடிவு சந்தேகமாக இருந்தால் நரம்பில் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இரண்டும் பார்ப்பார்கள். அட்டையில் டி.எஸ்.எச். 40 mIU/L-ஐத் தாண்டினால் நரம்பு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவார்கள். டி4 மட்டும் குறைந்து டி.எஸ்.எச். இயல்பாக இருப்பது 30 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் அடிக்கடி காண்பது. அது பெரும்பாலும் தானே சரியாகும், எல்லோருக்கும் மருந்து தருவதால் பலன் நிரூபணமாகவில்லை. ஆனால் கண்காணிப்பை விடக்கூடாது.

இதற்குத் தரும் மருந்து லீவோதைராக்சின்; அதன் வழக்கமான தொடக்க அளவு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். மாத்திரையைப் பொடித்துச் சில மில்லி தாய்ப்பாலில் அல்லது தண்ணீரில் கலந்து உடனே கொடுக்க வேண்டும், முழுப் பாட்டிலில் கலக்கக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு இரும்பு, கால்சியம் சொட்டுகளும் இருக்கும். அவை இம்மருந்தை உறிஞ்சவிடாது, 4 மணி நேர இடைவெளி விடுங்கள். தொடங்கிய 1 முதல் 2 வாரத்தில் மறுபரிசோதனை. எடை ஏற ஏற அளவும் மாறும்.

குறைமாதத்தில் பிறந்த பலருக்கு இது தற்காலிகமானது. அதை அறிய, 3 வயதை ஒட்டி மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை 4 முதல் 6 வாரம் நிறுத்திப் பரிசோதிப்பார்கள். அதற்கு முன் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது.