வீடு மாறும்போது ஸ்பாஞ்சைக் கழுவாதீர்கள்

சென்னையில் வீடு மாறுகிறவர்களுக்கென்று ஒரு காலண்டர் உண்டு. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிய வேண்டும், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். அதனால் பலர் குட்டியானையில் சாமான் ஏற்றுவது கத்திரி வெயிலில்தான். கட்டில், பீரோவுக்கு அதனால் ஒன்றுமில்லை. 16 முதல் 18 டிகிரித் தண்ணீரில் வாழும் ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர் வகைச் செல்லப்பிராணிக்கு அது உயிர்ப் பிரச்சினை. மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ கால்வாய்களின் குளிர்ந்த நீர்தான் அதன் சொந்த ஊர். தண்ணீர் 24 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் வீடு மாறிய பிறகு என் கிளினிக்குக்கு வரும் ஆக்சலாட்டல்களை வெயில் மட்டும் கெடுப்பதில்லை. சுத்தமும் கெடுக்கிறது.

போன மே மாதம் ஒரு அம்மாவும் பள்ளிக்கூடப் பையனும் மூடிபோட்ட பிரியாணி வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வெளிர் இளஞ்சிவப்பில் ஓர் ஆக்சலாட்டல். தலையின் இருபுறமும் விரிந்திருக்க வேண்டிய செவுள்கள் முன்பக்கமாக மடங்கிக் கிடந்தன. வால் நுனி சுருண்டிருந்தது. வயிற்றில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. வீடு மாறி எட்டு நாளாம். நான்கு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

"தண்ணியெல்லாம் புதுசு சார். டேங்கைத் தேய்ச்சுக் கழுவிட்டோம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக்கூட சோப்புப் போட்டுக் காய வச்சுத்தான் மாட்டினோம்" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

தொட்டித் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்கள். அதில் கொஞ்சம் எடுத்து அமோனியா சோதனைச் சொட்டுகளை விட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சில நிமிடங்களில் கரும்பச்சையாகிவிட்டது. அமோனியா எக்கச்சக்கம்.

அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான் தொட்டியின் உயிரே இருக்கிறது. விலங்கின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அதிக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் குடியிருக்கின்றன. காய்ந்தால் அவை செத்துவிடும், சோப்பும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் கொன்றுவிடும். மறுபடி உருவாகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை ஆக்சலாட்டல் தன் கழிவிலேயே வேக வேண்டியதுதான். மீனைப் போலச் செதிலும் கிடையாது. நஞ்சு தோல் வழியாகவே உள்ளே போகிறது.

அந்தப் பையனின் ஆக்சலாட்டலைத் தனி டப்பில் விட்டு, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றச் சொன்னேன். ஐந்து வாரம் அலுக்காமல் மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டது.

ஆக, வீடு மாறும் நாளில் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவாமல், தொட்டியின் பழைய தண்ணீரில் நனைந்தபடியே ஒரு டப்பாவில் வையுங்கள். காற்றுக்கு இடம் விடுங்கள், வெயில் படக்கூடாது. பழைய தண்ணீரில் பாதியையாவது 20 லிட்டர் கேன்களில் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டியைத் தண்ணீரோடு தூக்குவது வேண்டவே வேண்டாம். 100 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாலே சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும், கசிவு தெரிவது என்னவோ புது வீட்டில் நிரப்பிய பிறகுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். பயணத்தில் கழிவு குறையும். வலை போட்டுப் பிடித்தால் செவுள் இழைகள் சிக்கும். தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவை அமிழ்த்தி அதற்குள் ஓட்டிவிடுவதுதான் நல்லது. டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. இரண்டு இருந்தால் இரண்டு டப்பா. ஒன்றின் காலை இன்னொன்று கடித்துவிடும். கால் திரும்ப முளைக்கும் என்பது உண்மைதான், அதற்காக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

டப்பாவைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஐஸ் கட்டியைத் தண்ணீரில் போடாதீர்கள்; திடீர்க் குளிர்ச்சியும் அதற்கு அதிர்ச்சிதான். பெட்டி உங்களோடு ஏசி காரில் வரட்டும், சாமான் வண்டியில் வேண்டாம். கோயம்புத்தூர் மாதிரி தூரம் என்றால் இரவிலேயே கிளம்பிவிடுங்கள். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம் இது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

புது வீட்டில் முதலில் தொட்டியை அமைத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். லாரித் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று லாரிக்காரருக்கே தெரியாது, சோதித்துவிட்டு ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீரை மட்டும் நிரப்பினால் அதற்குத் தேவையான தாது உப்புகள் கிடைக்காது. டப்பாவிலிருந்து நேராகக் கொட்டாமல், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் சேர்த்துப் பழக்குங்கள். பால் காய்ச்ச வந்த சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் இருக்கத் தொட்டியின்மேல் ஒரு துணியைப் போட்டுவிடலாம்.

ஓரிரண்டு நாள் சாப்பிடாவிட்டால் பயப்பட வேண்டாம். அதற்கு மேலும் பட்டினி தொடர்ந்தாலோ, செவுள் முன்னால் மடங்கினாலோ கூட்டிக்கொண்டு வாருங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக வரட்டும். நான் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.