புது பிராட்பேண்ட், பழைய ரூட்டர்: எது ஒத்துப்போகும், எது போகாது

பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றிய பிறகு பழைய ரூட்டர் உதவுமா என்பதை அதன் பின்பக்கத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். தொலைபேசி ஒயர் நுழையும் சிறிய துளை இருந்தால் அது டிஎஸ்எல் மோடமும் சேர்ந்த பெட்டி. திருகிப் பூட்டும் உருண்டை முனை இருந்தால் கேபிள் மோடம். பச்சை முனையுள்ள மெல்லிய ஃபைபர் ஒயர் செருகப்பட்டிருந்தால் அது ஓஎன்டி; ஒளியாக வரும் தரவை மின்குறிகளாக மாற்றும் கருவி. இவை எதுவும் இல்லாமல், மற்ற போர்ட்டுகளிலிருந்து தள்ளியோ வேறு நிறத்திலோ 'வேன்' (வெளி இணையம் உள்ளே வரும் வழி) என்று குறித்த ஒரு ஈதர்நெட் போர்ட் இருந்தால் அது தனி ரூட்டர். புது இணைப்புக்கு எளிதில் மாறுவது இந்தக் கடைசி வகைதான்.

பழைய ஓஎன்டியில் புது நிறுவனத்தின் ஃபைபரைச் செருகிப் பார்ப்பது வீண் வேலை. ஒவ்வொரு ஓஎன்டியின் சீரியல் எண்ணும் நிறுவனத்தின் பக்கத்தில் பதிவாகியிருக்கும். பதிவில் இல்லாத கருவிக்கு அங்கிருந்து இணைப்பு கிடைக்காது. ஃபைபரின் முனையைக் கண்ணருகே வைத்தும் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

தனி ரூட்டர் என்றால், முதலில் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பழைய அமைப்புகளை அழியுங்கள். புது ஓஎன்டியின் லேன் (வீட்டுக் கருவிகளை இணைக்கும்) போர்ட்டிலிருந்து ரூட்டரின் வேன் போர்ட்டுக்கு ஒயர் கொடுங்கள். அடுத்து, இணைப்பு எந்த வகை என்று நிறுவனத்திடம் கேளுங்கள். டிஎச்சிபி என்றால் முகவரி தானாக வந்துவிடும். பிபிபிஓஇ என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். சில நிறுவனங்கள் விலேன் எண் (ஒரே ஒயரில் போகும் தரவைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்) ஒன்றையும் கேட்கும். அது தவறினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு வராது.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் வேன் முகவரி 0.0.0.0 என்றே நிற்கிறதா? முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியை (கருவிக்குரிய தனி அடையாள எண்) நிறுவனத்தின் பக்கம் நினைவில் வைத்திருக்கலாம். ஓஎன்டியைச் சில நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள்; அப்போதும் வராவிட்டால் ரூட்டரில் அந்த முகவரியையே காட்டவைக்கும் 'மேக் குளோன்' வசதியைப் பயன்படுத்துங்கள். சில தளங்கள் திறந்து, சில பாதியில் தொங்கினால் எம்டியூவை (ஒரு முறைக்கு அனுப்பும் தரவின் உச்ச அளவு) பாருங்கள். ஈதர்நெட் ஒரு முறைக்கு 1500 பைட் சுமக்கும். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்வதால் 1492 என்று வைக்க வேண்டும்.

புது நிறுவனம் தந்த பெட்டியே ரூட்டராகவும் இருந்தால் கதை வேறு. அதன் பின்னால் பழையதை வேன் போர்ட் வழியாக மாட்டினால் ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் உருவாகும். இணையத்தில் உலாவ முடியும். ஆனால் ஒன்றிலுள்ள பிரிண்டர் மற்றொன்றிலுள்ள கணினிக்குத் தெரியாமல் போகலாம், ஆன்லைன் விளையாட்டுகளும் முரண்டு பிடிக்கும். இரண்டு ரூட்டரும் 192.168.1 என்ற ஒரே முகவரி வரிசையை வைத்திருந்தால் இணையத்தில் உலாவுவதும் நடக்காது: உள்ளே எது, வெளியே எது என்று பழைய ரூட்டரால் பிரித்தறிய முடியாது.

இந்த நிலையில் பழையதை வெறும் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபையை மட்டும் பரப்பும் கருவி) ஆக்குவதே நல்லது. டிஎஸ்எல் பெட்டிகூட இதற்குப் பெரும்பாலும் உதவும். கணினியைப் பழைய ரூட்டரில் மட்டும் ஒயரால் இணைத்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் அமையுங்கள். பிறகு அதன் லேன் முகவரியைப் புது ரூட்டரின் வரிசையில், டிஎச்சிபி பங்கிடும் எல்லைக்கு வெளியே மாற்றுங்கள், புதியது 192.168.1.1 என்றால், எல்லை 100இல் தொடங்கும்போது 192.168.1.2 பொருந்தும். டிஎச்சிபியை நிறுத்துவது கடைசி வேலை, ஏனென்றால் அதன்பின் உங்கள் கணினிக்கே முகவரி கிடைக்காது. முடிந்ததும் லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு ஒயர் கொடுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் வரும் கோளாறு ஆளைக் குழப்பும். இரண்டு ரூட்டரும் முகவரி வழங்கும். எது முந்துகிறதோ அதுவே செல்லும். பழையதிடம் வாங்கிய கைபேசி வெளியே வழியில்லாத அந்த ரூட்டரையே வாசலாக நம்பி நிற்கும். காலையில் வேலை செய்த கருவி மாலையில் செய்யாது. இரண்டின் வைஃபையும் மோதாமலிருக்க, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரண்டுக்கும் 1, 6, 11 ஆகியவற்றில் வெவ்வேறு சேனல் கொடுங்கள்.

வேகத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பல பழைய ரூட்டர்களின் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வகை. 300 எம்பிபிஎஸ் திட்டத்திலும் சோதனையில் 94 அளவில் முட்டி நிற்கும். ஆனால் கிகாபிட் போர்ட்டிலும் அதே எண் வந்தால் ஒயரைச் சந்தேகியுங்கள்: கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும், நான்கு மட்டும் இணைந்திருந்தால் 100க்கு இறங்கிவிடும். வைஃபை பாதுகாப்பு வெப் அல்லது டிகிப் என்ற பழைய முறையில் இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸுக்கு மேல் போகாது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ்ஸை (பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். ஃபர்ம்வேர் (ரூட்டரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு நின்றுபோன ரூட்டரை இணையத்தின் வாசலில் நிறுத்தாமல், புதியதன் பின்னால் ஆக்சஸ் பாயிண்டாக மட்டும் வைப்பது மேல்.

பெட்டி பழைய நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருந்தால் திருப்பித் தர வேண்டியிருக்கும், ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தருவதற்கு முன் ரீசெட் செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வைஃபை கடவுச்சொல் அதற்குள்ளேயே கிடக்கும்.