மூன்று நாளில் பஞ்சகர்மாவா?

ஆடி நெருங்கினால் கோவையில் என்னிடம் வருபவர்கள் கேட்பது இதைத்தான்: “டாக்டர், கேரளாவுக்குக் கர்க்கடகச் சிகிச்சைக்குப் போகலாமா?” தாராளமாகப் போகலாம். மழை மாதத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். ஆயுர்வேதமே தொழிலான எனக்கு இந்த ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ‘மூன்று நாள் பஞ்சகர்மா’ என்னும் விளம்பரப் பலகைகள்தான் வயிற்றைக் கலக்குகின்றன. பஞ்சகர்மா என்பது உடம்பைச் சுத்தப்படுத்தும் ஐந்து ஆயுர்வேதச் சிகிச்சைகள்.

சென்ற ஆண்டு ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்துவந்தார். வயது 58, பத்து வருடமாகச் சர்க்கரை. ஒரு ரிசார்ட்டில் முதல் நாள் எண்ணெய் தேய்த்து வியர்க்க வைத்து, மறுநாளே பேதிக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அரை டம்ளர் கஞ்சியோடு ரயிலேறியவருக்கு வாளையாறு தாண்டும்போது வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. எதிரே இருந்தவர் கொடுத்த ஜூஸ்தான் காப்பாற்றியது.

“காலையில் சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டார் டாக்டர்” என்றார் அந்த அம்மா. அதுதான் வினை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிவிடும். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது பில் மட்டுமே. ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வரிகூட யாரும் எழுதித் தரவில்லை.

அந்த ஐந்தில் ஒன்றான விரேசனம் என்கிற பேதி சிகிச்சை ஒரு நாள் வேலைதான். ஆனால் அதற்கு முன்பு மருந்து நெய்யை நாளுக்கு நாள் அளவு கூட்டி மூன்று முதல் ஏழு நாள் வரை குடிக்க வேண்டும். பிறகு எண்ணெய்த் தேய்ப்பும் வியர்வைச் சிகிச்சையுமாக மூன்று நாள். பேதிக்குப் பின் கஞ்சித் தெளிவு, குழைந்த கஞ்சி, பாசிப்பயற்றுச் சாறு என்று, அணையப்போகும் அடுப்பில் சுள்ளி வைத்து ஊதுவதுபோலப் பசியை எழுப்ப வேண்டும். நன்றாகப் பேதியானவருக்கு இதற்கே ஏழு நாள் ஆகும். மூன்று நாளில் முடிவது எண்ணெய்க் குளியல் மட்டுமே.

சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். உரிம எண்ணும் மருந்தின் பெயரும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். உங்கள் மருந்துச் சீட்டைக் கேட்காத இடத்தில் எண்ணெய்த் தேய்ப்புக்குப் படுக்கவைக்கும் மரத்தோணியில் ஏறவே ஏறாதீர்கள்.

ரயிலில் கண் இருட்டிய அந்த மனிதர் இந்த ஆண்டு எங்களிடமே பதினாறு நாள் தங்கினார். அவருடைய சர்க்கரை டாக்டரிடம் பேசி, பேதி நாளுக்கும் கஞ்சி நாட்களுக்கும் மாத்திரை அளவை மாற்றினோம். தினமும் மூன்று வேளை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். கஞ்சி தொடங்கி மூன்றாம் நாள் காலையில், நான் உள்ளே நுழையும் முன்பே, “பசிக்கிறது டாக்டர்” என்றார்.